சாக்குப் போட்ட தலை

கனடாவில் வளர்ந்த எங்கள் சனத்துப் பிள்ளை ஒருவன், சிலை செய்கிறவன், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் உருவங்கள் வைக்கப்போவதாகச் சொல்லி எங்கள் ஊரான இணுவிலுக்கு வந்து, அவர்கள் போட்ட சட்டைகளை வீடு வீடாகக் கேட்டான். அக்கா உடனே மகனின் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். நீலக் கோடு போட்ட சட்டை. இத்தனை வருடமும் தோய்க்காமல் வைத்திருந்தவள். நான் வேண்டாம் என்றேன்.

"பெட்டிக்குள்ளை கிடந்து ஆருக்கென்ன பிரயோசனம்? நாலு சனம் பாக்கட்டும்."

அவளை மறிக்க எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறியும், மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் குந்தியிருந்தும், ஒருவரும் கணக்கெடுக்காமல் அலுத்துப்போயிருந்தாள். தமிழன் என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டுபோன பிள்ளையை உலகம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

திறப்பு நாளில் இரண்டு பேரும் ஓட்டோ பிடித்துப் போனோம். கரையோரம் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஓர் உருவம், உண்மையான சட்டை போட்டபடி. எல்லாத் தலையிலும் சாக்கு. சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை.

எங்கள் ஊரில் சாக்குப் போட்ட தலை பிடிபட்டவனுடையது அல்ல, காட்டிக்கொடுத்தவனுடையது. இராணுவச் சுற்றிவளைப்பு நாட்களில் ஆட்களை மைதானத்தில் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். சாக்கால் மூடிய ஒருவன் நாற்காலியில் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளையை ஆமி ஏற்றிவிடும். தலையாட்டி என்போம். அக்காவின் மகனும் அப்படித்தான் போனான். வேலிக்கு வெளியே நின்று அந்தத் தலை ஆடியதைக் கண்டவள் அவள். அந்தக் காலத்தைக் கண்ட எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். சட்டை கேட்டு வீடு வீடாக ஏறியவனுக்கு இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மீன்பிடிக்காரர், "இப்ப தலையாட்டியளுக்கும் சிலை வைக்கிறாங்கள்" என்று காறித் துப்பினார். அது நீலக் கோட்டுச் சட்டையில் விழுந்தது.

அக்கா சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். பிறகு அந்தக் கனடாப் பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"தம்பி, என்ரை பிள்ளையின்ரை தலையிலை இருக்கிற சாக்கை எடுத்துவிடும்."

"அன்ரி, அவை எங்களைப் பாக்கிற மாதிரித்தான் ஓட்டை வச்சனான். பாக்கிற ஆக்களுக்கு நோகவேணும். அதுக்குத்தான் இந்த ஆர்ட்."

"ஆருக்கு நோகவேணும்?" என்று நான் கேட்டேன். "கொண்டுபோனவனுக்கோ, இவவுக்கோ?"

தலையாட்டி என்றால் யார் என்று அவனுக்கு நானே விளங்கப்படுத்தினேன். அவன் முகம் வெளுத்துப்போனது. கெட்ட பிள்ளை இல்லை. நோகடிக்கிற கலை கூடாது என்று நானும் சொல்லமாட்டேன். உத்தரவு போட்டவர்களின் வாசலில் அவர்களுக்கு உறைக்கிற மாதிரி ஒன்றை வைத்திருந்தால் நானே கூட நின்று காவல் காத்திருப்பேன். ஏற்கனவே செத்துப் பிழைக்கிறவளின் நெஞ்சில் ஏறி நின்று யாருக்குப் பாடம் எடுக்கிறான் என்றுதான் எனக்கு ஆத்திரம்.

அதற்குள் அக்கா சாக்கை இழுத்துக் கழற்றிவிட்டாள். உள்ளே தலை இல்லை. ஒரு கம்பியும் அதில் சுற்றிய வைக்கோலும்தான் இருந்தன.

"முகம் செய்யேல்லையோ?"

"மூடுறதுதானே அன்ரி எண்டு செய்யேல்லை."

அவள் சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். அவன் ஓடிவந்து மறித்தான். பசை பூசி இறுக்கியிருக்கிறதாம், இழுத்தால் கிழியுமாம். அக்கா தொட்டுப் பார்த்தாள். துணி மட்டைபோல விறைத்திருந்தது. கையை எடுத்துவிட்டாள்.

சாக்கை மடித்து என்னிடம் தந்துவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் நிலத்தில் இருந்தாள்.

"எழும்பு, வீட்டை போவம்" என்றேன்.

"நீ போ. நான் இதிலை இருக்கிறன். வாற சனத்துக்கு இவன் என்ரை பிள்ளை, தலையாட்டி இல்லை எண்டு ஆராவது சொல்லவேணும்."