வேலியோரத்து எள்ளுருண்டை

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் ஒரு பாலர் பள்ளிப் பிள்ளைகள் அஜந்தினிக்குப் பெயர் வைத்திருந்தார்கள்: வேலி அம்மா. டெனிஷில்தான் சொன்னார்கள், அர்த்தம் அதுதான். பகல் சாப்பாட்டு நேரமானால் பின்தெருக் கம்பி வேலிக்கு வெளியே அவள் வந்து நிற்பாள். உள்ளேயிருந்து அவளுடைய மூன்று வயது மகள் சாரங்கி ஓடி வருவாள். அவளுக்குப் பின்னால் செம்பட்டைத் தலைகள் ஒரு கூட்டமே வரும். அஜந்தினி கம்பி இடுக்கால் எள்ளுருண்டையை நீட்டுவாள். தன் பிள்ளைக்கு மட்டும் கொடுத்து மற்றப் பிள்ளைகளை வாய் பார்க்க வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? எல்லோருக்கும் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் பாதிப் பள்ளிக்கூடம் வேலியில் தொங்கத் தொடங்கியது.

சிரிக்கலாம்தான். ஆனால் சிரிப்பவர்கள் செட்டிகுளம் முகாமைக் கண்டிருக்க மாட்டார்கள்.

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அஜந்தினிக்குப் பதினொரு வயது. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் தாயோடும் தம்பியோடும் முள்ளுக்கம்பிக்குள் வந்து விழுந்தாள். தகப்பனை வழியிலேயே இராணுவம் பிரித்துக் கொண்டுபோய்விட்டது. வெயிலில் கொதிக்கும் கூடாரம், செம்மண் புழுதி, தண்ணீர் பவுசர் வண்டிக்கு வரிசை. பெரியவர்கள் அழுதார்கள். பிள்ளைகள் வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கானை உருட்டி விளையாடினார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் பிள்ளைகள் விளையாடத்தான் செய்யும்.

அஜந்தினிக்கு அங்கே ஓர் உத்தியோகமும் இருந்தது. முகாமில் பார்க்க விடும் நேரம் என்று ஒன்று இருந்தது. அப்போது வெளியிலிருந்து யாராவது சொந்தங்களைப் பார்க்க வந்தால், வேலியடியில் நின்று பெயரைக் கேட்டுக்கொண்டு கூடாரம் கூடாரமாக ஓடுவாள். "உங்கடை ஆக்கள் வந்திருக்கினம், ஓடியாங்கோ!" அந்தக் குரல் முகாமின் மறுகரை வரை கேட்கும்.

ஒருநாள் அவளுடைய ஆளே வந்தது. வவுனியாவிலிருந்து சித்தி. அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொன்னாள். பிறகு பாணும் எள்ளுருண்டையும் போட்ட பையை வீசினாள். அது முகாமைச் சுற்றி ஓடிய இரண்டு வேலிகளுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. சித்தி அழுதாள். அஜந்தினி அழவில்லை. பையில் எறும்பு மொய்க்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

தகப்பன் அடுத்த வருடம் வந்துசேர்ந்தார். அஜந்தினி படித்தாள், வளர்ந்தாள். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நிதுஷனைக் கட்டி டென்மார்க் வந்தாள். பாஷை பிடிபட்டது, கார் ஓட்டப் பழகினாள், பிள்ளையும் பிறந்தது. இப்போது ஹேர்னிங் நகரத்தில் முதியோர் பராமரிப்புப் படிக்க இடமும் கிடைத்திருக்கிறது. வருகிற திங்கள் வகுப்புத் தொடங்குகிறது. போனால் பின்னேரம்தான் திரும்பலாம். மகளைக் கம்பிக்குப் பின்னால் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவாளா? போகாவிட்டால் கிடைத்த இடம் பறிபோய்விடும்.

"இஞ்சை ஒருத்தரும் பிள்ளையளை அடைச்சு வைக்கேல்லை, அஜந்தி," என்றான் நிதுஷன்.

"அது எனக்குத் தெரியாதே? புத்திக்கு விளங்குது. கால்தான் கேக்குதில்லை."

வெள்ளிக்கிழமை பொறுப்பாசிரியை ஹன்னே அவளைக் கூப்பிட்டாள். ஒரு பிள்ளைக்கு எள் ஒத்துக்கொள்ளாதாம். வாயைச் சுற்றித் தடித்துவிட்டதாம். இப்போது சுகம், ஆனால் அதன் தாய் கோபத்தில் இருக்கிறாள். பிள்ளைகள் விஷயம் என்றால் கொம்யூன், அதாவது நகரசபை, வீட்டுக்கே வந்து விசாரிக்கும் என்று தமிழ்ச் சனம் கதைக்காத நாளில்லை. அஜந்தினி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் முகாம், சித்தி, பை, எறும்பு என்று எல்லாம் தட்டுத் தடுமாறி டெனிஷில் வந்துவிட்டது.

ஹன்னே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "ஏன் வெளியே நின்றீர்கள்? உள்ளே வந்திருக்கலாமே?"

"அது பார்க்க விடும் நேரம் இல்லையே," என்றாள் அஜந்தினி.

ஹன்னேவுக்கு அது என்ன நேரம் என்றே விளங்கவில்லை. பெற்றோர் நினைத்த நேரம் வரலாம், பிள்ளையோடு இருக்கலாம், கோப்பியும் குடிக்கலாம். படலைக் கொளுக்கியை உயரத்தில் வைத்திருப்பது சின்னதுகள் தெருவுக்கு ஓடாமலிருக்கத்தான். இதை ஒருவரும் அஜந்தினிக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றினால்தானே!

"யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?"

"யாரிடமும் இல்லை. இப்போதே போங்கள். எள்ளுருண்டை மட்டும் வேண்டாம்."

அஜந்தினி விளையாட்டு முற்றத்துப் படலையைத் திறந்தாள். அடையாள அட்டையை ஒருவரும் கேட்கவில்லை. மணல் குழிக்குள் சாரங்கியும் இன்னொரு பெண்பிள்ளையும் முழங்கால்வரை புதைந்து, ஏதோ பெரிய கட்டட வேலையில் இருந்தார்கள்.

"வா குஞ்சு, அம்மாவோடை வீட்டை போவம்."

சாரங்கி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பாசம் இருந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

"நை, மோ!" என்று டெனிஷில் மறுத்தாள். அம்மாவுக்கு விளங்கவில்லையோ என்று தமிழிலும் சொன்னாள். "நான் வரேல்லை. நீங்கள் போங்கோ." சொன்னதோடு நிற்காமல், மணல் கையால் தாயின் காலைப் பிடித்துப் படலைப் பக்கம் தள்ளவும் தொடங்கினாள்.

வேலிக்குள் நிற்கும் பிள்ளையொன்று வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்ததை அஜந்தினி தன் வாழ்நாளில் அன்றுதான் கண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. மகள் தள்ளிய பக்கமே நடந்து வெளியே வந்து, படலையைத் தானே சாத்தினாள். திங்கட்கிழமை காலை நேராக ஹேர்னிங்குக்குக் காரை விட்டாள்.