நான் பேசி முடிக்கும் முன் இறங்கிய பெடல்

கூலிக்குத் தறி ஓட்டிய கையால் சோமனூரில் சொந்தத் தறிப் பட்டறை போட்டேன். கரண்ட் இல்லாத காலத்திலும் அதை மூடவில்லை. கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு உறவும் வரவில்லை. அப்படியும் வீடு கட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் மகளை இன்ஜினியராக்கினேன். இதை நான் ஆரம்பித்தாலே வீட்டில் ஆளாளுக்கு எழுந்து போவார்கள். ஒரு நாள் மட்டும் ஒருவர் எழுந்து போக முடியவில்லை.

அதற்கு முந்தின நாள் காந்திபுரம் சிக்னலில், லேசான சரிவில், என் பழைய காரின் பிரேக்கை மிதித்தபடி நின்றிருந்தேன். முன்னால் நின்ற டவுன் பஸ்ஸின் முதுகு மெல்ல மெல்லப் பெரிதானது. பஸ்தான் பின்னால் உருள்கிறது என்று ஹாரன் அடித்தேன். உருண்டது என் கார். பெடல் என் காலுக்கடியில் சத்தமில்லாமல், சேற்றில் புதைவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. காலை எடுத்துத் திரும்ப மிதித்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் நின்றது.

மெக்கானிக் பிரேக் ஆயிலைப் பார்த்தார், குறையவில்லை. சக்கரங்களைத் தடவினார், ஈரமில்லை. லைனில் இருந்த காற்றை எடுத்தார். பெடலைப் படபடவென்று மிதித்து, "கல்லு மாதிரி நிக்குதுங்க. காருக்கு ஒண்ணுமில்லீங்க, உங்க காலுக்குத்தான் வயசாயிப்போச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுகினால் இடம் தெரியும். எதுவுமே ஒழுகாதபோது எங்கே போய்த் தேடுவது?

மறுநாள் காலை மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு அதே காரில் கோத்தகிரிக்குக் கிளம்பினார்கள். மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. இறங்கும்போது வளைவுக்கு வளைவு காலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். சிக்னலில் என் எதிரே பஸ் இருந்தது. அங்கே எதிரே இருப்பது பள்ளம்.

"போக வேண்டாம்" என்றேன்.

"ஏனுங்க மாமா, மெக்கானிக்கே நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டாருங்களே" என்றார் மருமகன்.

"அப்பாவுக்குத் தெரியாதது உலகத்துல என்ன இருக்குது?" என்று பின்சீட்டிலிருந்து மகள் குத்தினாள்.

"சரிங்க மாப்பிள்ளை. இஞ்சின் ஓடட்டும். பிரேக்கை மெதுவா அழுத்திப் புடிங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

"தறிக் கதைங்களா?"

"தறிக் கதைதானுங்க."

"போச்சு! கோத்தகிரிக்கு நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றாள் மகள்.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூலித் தறியிலிருந்து தொடங்கினேன். மருமகன் சிரித்தபடி தலையாட்டினார். சொந்தப் பட்டறைக்கு வந்தபோது தலையாட்டல் நின்றது. பெடல் மேலிருந்த அவருடைய கால் கொஞ்சம் கொஞ்சமாக நீள்வதைப் பார்த்தேன். நான் நிறுத்தவில்லை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில், "மாமா" என்றார். குனிந்து பார்த்தேன். பெடல் அடித்தட்டில் கிடந்தது.

பின்சீட்டிலிருந்த என் மகள் பக்கம் திரும்பாமலே, "பாப்பாவத் தூக்கிட்டு எறங்கு" என்றார்.

பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. மெதுவாக அழுத்தினால் ஆயில் வெளியே வராமல், கிழிசல் வழியாக உள்ளுக்குள்ளேயே பின்வாங்கியிருக்கிறது. படபடவென்று மிதிக்கிறவருக்கு அது தெரியாது.

இப்போது விசேஷ வீடுகளில் மகள் சொல்கிறாள்: "எங்க ஊட்டுக்காரரு காலுலயே கண்டுபுடிச்சுப்போட்டாருங்க." கால் அவருடையதுதான், மறுக்கவில்லை. அதை அத்தனை நேரம் எடுக்கவிடாமல் பெடல் மேல் வைத்திருந்தது என் பேச்சு. இனிமேல் யார் இதைச் சொன்னாலும் என் கூலித் தறியிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும்.