மூடாத புரோமின் புட்டி

திருப்புலிவனம் சேரியில் பி.எஸ்சி. வரை போனவன் தானியேல் ஒருவன்தான். பட்டம் வாங்கவில்லை. முட்டாள் என்று ஊர் சொன்னது. பொய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், கடைசிப் பரீட்சைக்கு முன் ஊருக்கு வந்தவனிடம், விவசாயத் தொழிலாளர் சங்க வேலையாகப் போன நான் கேட்டேன்:

"இன்னாடா படிக்கிற?"

"ரெண்டு கார்பன் அணு ரெட்டைப் பிணைப்புல கீதுண்ணே. ஒண்ணு இறுக்கம், இன்னொண்ணு தளர்வு. தளர்ந்ததுல எலெக்ட்ரான் மேலயும் கீழயும் பரவிக்கினு கீது. புரோமின் ஜோடியா கிட்ட வந்தா, இந்தப் பக்கத்து புரோமினுக்கு எலெக்ட்ரான் கொறஞ்சிடும். தளர்ந்த பிணைப்பு அதப் புடிச்சுக்கும். ஜோடி பிரிஞ்சிடும். மத்த புரோமின் எதிர்ப் பக்கமா வந்து ஒட்டிக்கும். புரோமினோட செவப்பு நெறம் போயிடும். நெறம் போச்சின்னா ரெட்டைப் பிணைப்பு கீதுன்னு எழுதணும்."

அவன் தாய் செல்லாயி சிரித்தாள். "அதுங்களுக்காவது ஒட்டுது. நம்ம வூட்ல இன்னாடா ஒட்டிச்சி?"

"பாஸ் பண்ணா வாத்தியார் வேலம்மா. நீ ஆண்ட வூட்டுச் சாணி அள்ள வேணாம்."

செய்முறைத் தேர்வில் தவறினான். கல்வி உதவிச் சம்பளம் நின்றது. திரும்பி வந்தவனைப் பிடித்து உலுக்கினேன்.

"எல்லாருக்கும் ஒரே புரோமின் புட்டிண்ணே. அவங்கல்லாம் எடுத்து முடிக்கட்டும்னு நின்னேன்."

"எவன்டா தொடாதேன்னான்?"

"யாரும் சொல்லல. கைதான் போவல."

ஊர்க் குடத்தை எங்கள் ஜனம் தொட முடியாது. யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும். அங்கே ஊற்ற ஆளில்லை. மூடாத புட்டியில் புரோமின் ஆவியாகிப் போய், இவன் முறை வரும்போது கரைசல் வெளுத்துக் கிடந்தது. கொடுத்த பொருளில் ரெட்டைப் பிணைப்பே இல்லை. இவன் அதைச் சொட்டவிட்டான். நிறம் தெரியவில்லை. ரெட்டைப் பிணைப்பு இருக்கிறது என்று எழுதினான்.

"வெளுத்துக் கீதுன்னு தெரியலையா?"

"தெரிஞ்சிச்சி. வேற புட்டி கேட்டா, ஒனக்கு மட்டும் இன்னா தனியான்னுவாங்க. கண்ணுல பட்டத எழுதிட்டேன்."

"சங்க ஊர்வலத்துல கொடி புடிச்சவன்டா நீ!"

"அங்க நம்ம ஆளுங்க கூட இருந்தாங்கண்ணே."

மறுதேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தேன். கையெழுத்துப் போடவில்லை. "மறுபடியும் அதே மேசைதாண்ணே" என்றான். விடிந்ததும் செல்லாயியும் அவனும் ஆண்டையின் கழனிக்குப் போனார்கள். அவள் நடவுக்கு, இவன் நாற்றுக்கட்டு சுமக்க.

அடுத்த அறுவடையில் சங்கம் போராடிக் கூலியை உயர்த்தியது. அவனுக்கும் சேர்த்துத்தான். அதற்கு மேல் எங்களால் ஒன்றும் ஆகவில்லை.