கோப்பு அறையில் தொழுத அஸர்

ஒருவரைப் பார்க்க மனமில்லாமல், அவரிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காக ஒருத்தி தொழப் போனால், அது தொழுகையில் சேருமா? ஒரு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மார்க்க விவரம் தெரிந்த ஆலிம்களிடம் கேட்கலாம்தான். கேட்டால் நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டும். பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2008-ஆம் வருடம். நாங்கள் கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் குடியிருந்தோம். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரி. பி.காம். முடித்துக் கல்யாணமாகி இங்கே வந்தவள். கிரீன் கார்டு வந்ததும் வேறொரு ஊரில் அரசாங்கப் பதிவு அலுவலகம் ஒன்றில் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்தது. எந்த ஊர் என்று சொல்லவில்லை. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், நிலப் பத்திரம், திருமண லைசென்ஸ் எல்லாம் அங்கேதான். என்னைத் திருமண லைசென்ஸ் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். இந்த மாநிலத்தில் யார் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தாலும் இரண்டு பேரும் நேரில் வந்து, ஃபாரம் நிரப்பி, அடையாள அட்டை காட்டி, எங்கள் முன்னால் கையெழுத்துப் போட்டு லைசென்ஸ் வாங்கிப் போக வேண்டும். சர்ச், கோயில், பள்ளிவாசல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்குப் பிடித்த வேலை. வருகிறவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக வருவார்கள். சூப்பர்வைசர் கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். தொழுகைக்கு நேரம் வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, ஒரு நாளைக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் எடுத்துக்கொள் என்று சொல்லி, பழைய பத்திரங்கள் அடுக்கிய கோப்பு அறையின் சாவியையும் கொடுத்தார். அங்கே ஜெராக்ஸ் மெஷின் பக்கம்தான் கிப்லா, நாங்கள் தொழும் திசை.

அந்த ஜூன் மாதம் கோர்ட் உத்தரவு அமலுக்கு வந்தது. இனி ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் வந்தாலும் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் எங்களைக் கூட்டி வைத்து, மதக் காரணத்தால் முடியாது என்பவர்கள் எழுதிக் கொடுத்துவிடலாம், வேறு பிரிவுக்கு மாற்றிவிடுகிறோம் என்றார். யார் மேலும் வருத்தம் கிடையாது, ஆனால் கவுண்டரில் உட்கார்ந்த பிறகு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்றும் சொன்னார்.

நியாயமான பேச்சு. அன்றே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் அப்போது புராஜெக்ட் முடிந்து, கம்பெனியில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள்.

"எழுதிக் கிழுதிக் குடுத்துடாத. முக்காடு போட்டவ ஒருத்தி இருக்கா, அவளுக்கு அது ஆகாதாம், இது ஆகாதாம்னு பேர் வாங்கணுமா? டெம்பரரி வேலை வேற" என்றார்.

"அப்ப கையெழுத்து வாங்கிக் குடுத்துடவா மச்சான்?"

"அதுவும் வேணாம்."

"செய்யவும் கூடாது, செய்ய மாட்டேன்னு சொல்லவும் கூடாதுன்னா எப்படி?"

"நீதான் காலேஜ்ல ஃபர்ஸ்ட் கிளாஸாச்சே. ஏதாவது பண்ணு."

பண்ணினேன். கவுண்டருக்கு எதிரே டோக்கன் எண் ஓடும் பலகை இருக்கும். யார் எந்த எண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வேன். அடுத்தது இரண்டு பெண்கள் என்றாலோ இரண்டு ஆண்கள் என்றாலோ எழுந்து தொழப் போய்விடுவேன். மதியத் தொழுகையான லுஹருக்கு நேரம் இருந்தால் லுஹர். இல்லையென்றால் கை கால் கழுவி ஒளு செய்யப் போகிறேன், முசல்லா விரிப்பை மடித்து வைக்க மறந்துவிட்டேன், ஏதோ ஒன்று. பக்கத்துக் கவுண்டரில் ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண். கழுத்தில் எப்போதும் சிலுவை, பையில் ஜெபமாலை. அந்த ஜோடியை அவரே கூப்பிட்டுக் கவனித்துக்கொள்வார்.

இரண்டே வாரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. "போ, போ. இந்தக் கோடையில் உன் கடவுளுக்கு உன்னைப் பார்த்துப் பார்த்தே அலுத்துப் போயிருக்கும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உங்கள் சர்ச்சிலும் இதற்கு எதிர்ப்புத்தானே, உங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். "கல்யாணத்தைச் செய்து வைப்பது பாதிரியார் வேலை. நான் பிரிண்டரில் பேப்பர் வைக்கிறவள். பேப்பருக்குப் பாவம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைத்தார். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அடியில் என் கையெழுத்து இருக்கிறதே என்று தோன்றும். அதே சமயம், இந்த வேலைக்குத்தானே சம்பளம் வாங்குகிறாய் என்றும் தோன்றும். வீட்டுக்காரர் கேலி செய்வார்: "ஆபீஸ்ல ஒரு வக்து தொழுகை விடுறதில்லையாம். வீட்ல விடியக்காலைல சுபுஹுக்கு எழுப்பினா மட்டும் போர்வைய இழுத்துக்கிறா."

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த செவ்வாய் தேர்தல். இந்தத் திருமணங்கள் தொடரலாமா கூடாதா என்று அன்று ஓட்டுப் போடப் போகிறார்கள். நிறுத்தச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று அந்த வாரம் முழுவதும் கூட்டம். அன்று ஹாலோவீன் வேறு. என் மகளை டேகேரில் வேஷம் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நம் மார்க்கத்துக்கு அது ஆகுமா என்று மூன்று நாள் குழம்பி, கடைசியில் பேய், பிசாசு வேண்டாம், வண்ணத்துப்பூச்சி இறக்கை மட்டும் போதும் என்று மாட்டி அனுப்பியிருந்தேன். அது சரியா தவறா என்றுகூட அன்று வேலைக்கு நடுவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிலிப்பைன்ஸ்காரர் தன் பிள்ளையின் பள்ளி ஊர்வலத்துக்காக மூன்று மணிக்கே போய்விட்டார். சூப்பர்வைசர் தேர்தல் வேலைக்காக மாடியில் இருந்தார். நான் மட்டும்தான் கவுண்டரில். நான்கு மணிக்குக் கதவை மூடுவோம். அதற்குள் டோக்கன் எடுத்துவிட்டவர்களை எவ்வளவு நேரமானாலும் முடித்து அனுப்ப வேண்டும் என்பது விதி.

நான்கு மணிக்குச் சற்று முன்னால் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒருவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். மற்றவர் சக்கர நாற்காலியில். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, மேலே இஸ்திரி போட்ட ஊதாச் சட்டை. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஃபாரத்தை நிரப்பி, டோக்கன் சீட்டை அதன் மேல் வைத்து என் கவுண்டரில் கொடுத்தார்கள். நான் அப்போது வேறொரு ஜோடிக்கு லைசென்ஸ் அச்சடித்துக்கொண்டிருந்தேன். உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றேன். டோக்கன் சீட்டில் 3:41 என்று நேரம் இருந்தது.

அந்த ஜோடி போனது. அஸருக்கு நேரமாகியிருந்தது. அஸர் என்பது எங்கள் பிற்பகல் தொழுகை. அன்று சூரியன் மறைந்து மஃரிப் ஆவது ஆறு மணிக்கு மேல்தான், அதுவரை அஸர் தொழலாம். எனக்கு அது தெரியாதா? இருந்தும் 'கவுண்டர் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை எடுத்து வைத்துவிட்டு, கோப்பு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சூப்பர்வைசர் எப்படியும் கீழே வருவார், அவர் பார்த்துக்கொள்வார் என்று மனதுக்குள் ஒரு சமாதானம். நான்கு ரக்அத் தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகு, வெளியே "எக்ஸ்கியூஸ் மீ" என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். கவுண்டரில் வைத்திருந்த சின்ன மணியை யாரோ ஒரு தடவை தட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தொழுகைக்குப் பிறகு விரல்விட்டு எண்ணி ஓதும் தஸ்பீஹை ஓத ஆரம்பித்தேன். வழக்கமாக ஒரு நிமிடத்தில் முடிப்பதை, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, நிதானமாக, அவ்வளவு அழகாக என் வாழ்நாளில் ஓதியதில்லை.

வெளியே வந்தபோது நான்கு மணி தாண்டியிருந்தது. காவலாளி கதவைப் பூட்டிவிட்டு, மிச்ச மிட்டாய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "திங்கட்கிழமை வருகிறோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது" என்றார். எனக்கும் ஒரு மிட்டாயை நீட்டினார். ஃபாரம் கவுண்டரில் அப்படியே இருந்தது. எடுத்துத் தட்டில் வைத்தேன். திங்கட்கிழமை பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார், இவர்கள் காரியம் முதலில் முடிந்துவிடும் என்று நினைத்தபோது உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. டேகேருக்குப் போனால் இறக்கை ஒன்று கிழிந்திருந்தது. "உம்மா, இட் வாஸ் நாட் மீ" என்றாள் மகள். யார் கிழித்தது என்று நான் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். செவ்வாய் ஓட்டு நடந்தது. அதற்கு மறுநாளிலிருந்து அந்த லைசென்ஸ்களை நிறுத்திவிட்டோம். என் பிரச்சினை தீர்ந்தது. மாதக் கடைசியில், முடியாமல் கிடந்த ஃபாரங்களை விதிப்படி இயந்திரத்தில் போட்டுக் கிழித்தபோது அவர்களுடையதும் போனது.

டிசம்பரில் என்னை இறப்புச் சான்றிதழ் கவுண்டருக்கு மாற்றினார்கள். ஒரு நாள் காலை அந்த நரைமுடிப் பெண் தனியாக வந்தார். முத்திரையிட்ட சான்றிதழ் பிரதி வேண்டுமானால், இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் குறித்து, பொய்யில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் என்று வரிசையாகக் கட்டங்கள். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதில் நான் எதைக் குறிக்க வேண்டும்?"

கல்யாணம் இல்லாவிட்டாலும் துணைவர் என்று வேறு ஏதாவது பதிவு செய்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம். பத்தொன்பது வருடம் சேர்ந்து இருந்தவர்கள். அரைகுறையாக எதுவும் வேண்டாம், செய்தால் கல்யாணம்தான் என்று இறந்துபோனவர் பிடிவாதமாக இருந்தாராம். அப்படியானால் தகவலுக்கு மட்டும் என்று அச்சடித்த பிரதிதான் தர முடியும், அதை எந்த ஆபீஸிலும் ஏற்கமாட்டார்கள் என்று விதியைச் சொன்னேன். அன்று விதியைச் சரியாகவே சொன்னேன்.

அச்சாகி வந்த தாளில் இறந்த நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வந்த ஞாயிறு. திருமண நிலை என்ற இடத்தில், ஒருபோதும் மணமாகாதவர் என்று இருந்தது. அதை நான்தான் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. என் முக்காட்டை வைத்துத்தான் இருக்கும். கோபமே இல்லாமல் பேசினார். "அன்று நாங்கள் தாமதமாக வந்துவிட்டோம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சட்டை வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போய் இஸ்திரி போட்டு எடுத்து வந்தேன். சாயங்காலமே செய்து வைக்கப் பாதிரியார் ஒருவர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். அந்த இருபது நிமிடம் நான் வீணடித்தது." உடலை இறந்தவரின் அண்ணன் வந்து வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போய்விட்டாராம். ஆஸ்பத்திரியில் இவரிடம் யாரும் கேட்கவில்லையாம்.

நீங்கள் தாமதமாக வரவில்லை, 3:41-க்கு டோக்கன் எடுத்திருந்தீர்கள், நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன், உங்கள் குரல் கேட்டது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் "ஐ ஆம் சாரி" என்றேன். இங்கே எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற வார்த்தை. அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

திருமணத்தைப் பற்றி என் மார்க்கம் சொல்வதை நான் இன்றும் நம்புகிறேன். அதில் எனக்குக் குழப்பமில்லை. எழுதிக் கொடுத்து விலகியிருந்தால், அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அவர்கள் காரியத்தை ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பார். அந்த ஐந்து மாதத்தில் நடந்த திருமணங்கள் செல்லும் என்று பிறகு கோர்ட்டும் சொல்லிவிட்டது. நான் விலகவும் இல்லை, வேலையைச் செய்யவும் இல்லை.

மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதர் மன்னிக்காதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அவரைத் தேடிப் போக வேண்டும். ஃபாரத்தில் பார்த்த முகவரி எனக்கு மனப்பாடம். ஆனால் கவுண்டரில் பார்த்த விவரம் எதையும் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் இந்த ரமலானில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "உன் மனசு ஆறணும்னு அவங்க புண்ணப் போய்க் கீறப் போறியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டதால்தான் எல்லாம் போயிற்று என்று அந்த அம்மா இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாரே.

இதைப் படிக்கிறவர்கள், என் மதமாக இருந்தாலும் வேறு மதமாக இருந்தாலும், எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். போய்ச் சொல்வதா, இல்லை இதைச் சுமந்துகொண்டு சும்மா இருப்பதா? இரண்டு தடவை அவர் தெரு வரைக்கும் டிரைவ் பண்ணிப் போய், மகளை டேகேரிலிருந்து கூப்பிட நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.