வலைக்குப் பிசிறு வெட்டிய கதை

நேற்று மதியம் நல்லூரில் என் பனியன் கம்பெனி மாடிப்படி ஏறும்போது கருவாட்டுக் குழம்பு வாசம். யாரோ தூக்குப்போசியைத் திறந்திருக்கிறார்கள். என் வீட்டில் அந்த வாசத்துக்கு ஜன்னலைச் சாத்துவார்கள். நான் அங்கேயே நின்று ஒரு மூச்சு இழுத்தேன். இந்தக் கட்டடத்துக்குக் கடைக்கால் போட்டதே அந்த வாசம்தான். சொல்கிறேன், கேளுங்கள்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் துணியைக் கண்ணை மூடித் தடவி என்ன நூல் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன், பந்தயத்துக்கு வருகிறீர்களா? சொந்தமாக எட்டு மிஷின் போட்ட புதிது. கப்பலேற வேண்டிய குழந்தைப் பனியன் பாதியில் கிடக்க, ஆறு டெய்லர்கள் ஒரே நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பத்து நாளில் சரக்கு போகாவிட்டால் நான் மறுபடியும் இன்னொருவரிடம் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். மிச்சமிருந்த டெய்லர் சேவியர் சொன்னான்: "எங்க ஊர்ல தையல் படிச்ச பொம்பளையாளுவ ஆறு பேரு இருக்காவ அண்ணாச்சி. எங்க பெரியம்மா ஒரு வார்த்த சொன்னா வந்துருவாவ."

அன்றைக்கே பஸ் ஏறினோம். தூத்துக்குடிக்குத் தெற்கே ஐம்பது வீடு, ஒரு வெள்ளைக் கோயில், அதற்கு முன்னால் கண்ணுக்கெட்டிய வரை மணல். கடலை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். இவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு சாயப்பட்டறை இல்லையே என்றுதான் என் புத்திக்குத் தோன்றியது.

பெரியம்மா பூசைக்குப் போயிருந்தார். கரையில் நின்றே கயிறு பிடித்து இழுக்கிற அவருடைய கரைவலை மணலில் விரித்துக் கிடந்தது. கிழிசல் முடைந்த பாகத்தில் முடிச்சுக்கு முடிச்சு நூல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பிசிறு தொங்கினால் பீஸ் ரிஜெக்ட். கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து நூல்வெட்டியை எடுத்து அத்தனையையும் ஒட்ட வெட்டிவிட்டேன். வந்தவரிடம் பெருமையாக வேறு சொன்னேன்: "ஏனுங்கம்மா, உங்க வலைக்கு பினிஷிங் பண்ணீட்டனுங்க."

அவர் வலையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். முடிச்சுகள் வழுக்கி அவிழ்ந்தன. நைலான் வழுக்கும் என்றுதான் நுனியை நீளமாக விட்டிருக்கிறார்கள்!

"ஆளு கேட்டு வந்தீராக்கும்? இருவது குடும்பம் இழுக்க நிக்குற வலைய அம்மணமாக்கிட்டீரே வே!"

கரையே சிரித்தது. சேவியர் தலை குனிந்துகொண்டான். இன்னொருவனாக இருந்தால் திரும்பி பஸ் ஏறியிருப்பான். நான் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கட்டிக் குடுக்காமப் போவ மாட்டனுங்க. ஒருக்காக் காட்டுங்க, போதும்."

ஒருக்கா என்றது வாய். உண்மையில் நான்கு தடவை காட்டினார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் கட்டினேன். உள்ளங்கையெல்லாம் கீறல். பெரியம்மா என் முடிச்சுகளைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"ஏ சேவியரு, ஒங்க மொதலாளிக்கு வாயிதான் நீளம். கையி பரவால்ல."

அன்று வலை இறங்கியது. நானும் கயிறு பிடித்தேன். கயிறு பிடித்தவருக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு, அது அந்தக் கரை வழக்கம்.

"பங்கு வேணுமா?" என்றார் பெரியம்மா.

"மீனு வேண்டாமுங்க. ஆறு பேரு போதுமுங்க."

"அவளுவ என்ன மீனா? அவளுவகிட்டயே கேளும்."

கேட்டேன். செலின் என்ற பெண் மற்ற ஐந்து பேரையும் பார்த்துச் சொன்னாள்: "தப்புப் பண்ணிட்டு ஓடாம ஒக்காந்திருந்தாரு. போலாம் வாங்கட்டீ."

ஆறு பேரும் தூக்குப்போசியில் கருவாட்டுக் குழம்போடு வந்து தைத்தார்கள். பத்தாம் நாள் சரக்கு லாரி ஏறியது. ஒரு பீஸ் திரும்பி வரவில்லை. இன்றைக்கு என்னிடம் நூற்றிருபது மிஷின். செலினுக்கு சோமனூரில் சொந்த யூனிட். தொழில் என்னிடம் படித்ததுதான் என்று நான் சொல்லாத இடமில்லை. வலை முடிச்சு யாரிடம் படித்தீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

போன வருஷம் பெரியம்மாவின் அடக்கத்துக்கு இரண்டு பேரும் போனோம். கோயில் சுவர் வரைக்கும் கடல் வந்துவிட்டது. வரிசையாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கரைவலை இழுக்க ஆள் நிற்க மணல் வேண்டுமே. வலை இழுப்பதே நின்றுபோய்ப் பல வருஷமாயிற்றாம். கல்மேல் ஏறி நின்று, நான் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட இடம் எது என்று செலினிடம் கேட்டேன்.

அவள் தண்ணீரைக் காட்டினாள்.