இரண்டு கோட்டு கறுப்பு

அந்தப் பெயிண்டருக்குத் தெருவில் வைத்த பெயர் 'ஃபினிஷிங்'. முப்பது வருஷமாக வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் அது. அதுவும் எப்போதும் 'இல்லை' என்பதோடு சேர்ந்தே வரும். பக்கத்து வீட்டுக் கதவில் ஃபினிஷிங் இல்லை. டாக்டர் போட்ட தையலில் ஃபினிஷிங் இல்லை. மனைவி மடித்த போர்வையில் சுத்தமாக இல்லை. இப்படி உதட்டைச் சுழித்துச் சுழித்தே வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது என்று மனைவி சொல்வாள். அதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் மட்டமாக நினைக்க ஒரு மனுஷனுக்கு நிறைய நேரம் வேண்டும். அவருக்கு இருந்தது. மெக்கானிக்குகள் கிரீஸில் உருளுகிற ஜென்மங்கள். எதிரே கடை வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் வெறும் 'ஒயர் திருகி'. அந்த ஆளோடு பேச்சை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. எல்லாருக்கும் அடியில் கிடந்தவன் மாப்பிள்ளை. தப்பிப் பிழைத்தது மகள் ஒருத்திதான். அவள் வந்து பார்த்து "நல்லாயிருக்குப்பா" என்று சொன்னால்தான் அவருக்கு ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளையிடம் பழைய பிக்கப் ஒன்று இருந்தது. மாசத்தில் பாதி நாள் சும்மா நின்ற வண்டி. கடைசியில் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணைக்காரர், ஒரு லோடு கொடுத்துப் பார்க்கிறேன், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தொடர்ந்து தருகிறேன் என்றார். பெயிண்டர் மகளைக் கூப்பிட்டு, "இதையும் சொதப்பினான்னா வண்டியைத் தள்ளிட்டு என் ஷெட்டுல வந்து உப்புத்தாள் தேய்க்கச் சொல்லு" என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். அப்படிக் குனிந்ததிலும் அவருக்கு ஒரு குறை தெரிந்தது.

ஆனாலும் மகள் ஏறிப் போகிற வண்டி அசிங்கமாக இருக்கக் கூடாது. பத்து நாளைக்கு முன்பு பிக்கப்பை ஷெட்டுக்கு வரவழைத்து, கீறலை எல்லாம் பட்டி வைத்து மறைத்தார். பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரே துரு. ஒயரைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பிரைமர் கொடுத்து, இரண்டு கோட்டு கறுப்பு அடித்து, காய்ந்ததும் திரும்பப் பூட்டினார். "யாரும் பார்க்காத இடத்துலயும் ஃபினிஷிங் வேணும்" என்றார். மகள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "நல்லாயிருக்குப்பா" என்றாள்.

லோடு நாள் வந்தது. நாற்பது பெட்டி, பெட்டிக்கு நூறு குஞ்சு, முந்தின நாள் பொரித்தவை. பதினொரு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் பெட்டிக்குள்ளேயே செத்துவிழும். கூடப் போவதற்காக மகள் முந்தின நாளே அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை ஏற்றிக்கொள்ள மாப்பிள்ளை ஷெட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். அவள் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினான்.

டக்.

மறுபடி திருப்பினான். மறுபடி டக். அவ்வளவுதான்.

"லைட்டைப் போட்டுட்டுத் தூங்கியிருப்பான்" என்றார் பெயிண்டர், மகளைப் பார்த்து. லைட் பளிச்சென்று எரிந்தது, ஹாரனும் அடித்தது. சாவியைத் திருப்பினால் மட்டும் லைட் மங்கிச் செத்தது. "பேட்டரி போச்சு. பராமரிப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது." ஷெட்டில் நின்ற வேறு வண்டியிலிருந்து நல்ல பேட்டரியைக் கழற்றி அவரே மாட்டிக் கொடுத்தார். டக். ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். டக். தள்ளவும் வழியில்லை, ஷெட்டிலிருந்து சாலைக்கு ஏற்றம். பின்னால் நாலாயிரம் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. பெயிண்டருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நாளையிலிருந்து இவன் உப்புத்தாள் தேய்ப்பான்.

மாப்பிள்ளை சாலையைக் கடந்து போய் ஒயர் திருகியைக் கூட்டிக்கொண்டு வந்தான். எலக்ட்ரீஷியன் பெயிண்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தார், இன்னொன்றை இன்ஜின் மேல் வைத்தார். "அடிங்க தம்பி" என்றார். டக். மீட்டர் ஒன்பதைத் தாண்டியது.

"அரை வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. பேட்டரி நல்லாருக்கு, ஸ்டார்ட்டரும் நல்லாருக்கு. எர்த் வரல."

பேட்டரியிலிருந்து போகிற எர்த் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய், அது வண்டியின் இரும்புச் சட்டத்தில், சேசிஸில் முடிகிற இடத்தில் நிறுத்தினார். போல்ட்டைக் கழற்றினார். அடியில் கறுப்பு, கண்ணாடி மாதிரி மின்னியது. பெயிண்டர் எட்டிப் பார்த்தார். தன் கை வேலை யாருக்குத் தெரியாமல் போகும்?

"இரும்புல இரும்பு படணும். பெயிண்ட் மேல பூட்டினா எப்படிக் கரண்ட் போகும்? கொஞ்ச நாள் போல்ட் வழியா வந்துருக்கும், அப்புறம் அதுவும் செத்துருக்கும்." அரத்தை எடுத்து அந்த இரண்டு கோட்டையும் பிரைமரையும் கரகரவென்று சுரண்டினார். வெள்ளையாக இரும்பு தெரிந்தது. ஒயரைப் பூட்டி முறுக்கினார். மாப்பிள்ளை சாவியைத் திருப்பினான். ஒரே அடியில் இன்ஜின் பிடித்தது.

எலக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "யாருங்க இதுல பெயிண்ட் அடிச்சது?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான். எதையும் சொல்ல அவனுக்குத் தைரியம் இருந்ததில்லை. பெயிண்டருக்குக் காது சுட்டது. "நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு வேறு ஒரு மனுஷன் வேண்டும்.

"எவனோ கத்துக்குட்டி" என்றார். "இவன் எங்கயாவது கண்டவன்கிட்ட விட்டிருப்பான். ஃபினிஷிங் தெரியாத பய."

எலக்ட்ரீஷியன் மீட்டரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். மாப்பிள்ளை கியரைப் போட்டான்.

மகள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பிரஷ்ஷைக் கழுவி வச்சது நான்தாம்பா."

சொல்லி முடித்ததும் அவள் உதடு ஒரு பக்கமாகச் சுழித்தது. வண்டி ஏற்றத்தில் ஏறி வளைவில் மறைந்தது. அந்தச் சுழிப்பை அவர் முப்பது வருஷமாக எல்லாருக்கும் கொடுத்துவந்தார். தனக்கு என்று வாங்கியது அன்றைக்குத்தான்.