அக்கா படித்த தப்பு

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில் ஒரு பாறை இருக்கிறது. போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். அன்று காலை பனி இறங்கி, தெமோதரைப் பக்கம் முழுவதும் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையின் நடுவே அக்கா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது இன்றும் எனக்குப் பாதி கனவாகவே தோன்றுகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளைப் போனில் வீடியோ வழியாக நடக்கும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது.

அக்காவுக்குத் தப்பு மேளத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கிறுக்கு. திருவிழாவில் எங்கள் தோட்டத்து மேளமும் பக்கத்துத் தோட்டத்து மேளமும் ஒரே அடியை அடிப்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒன்று சுற்றுக்கு ஏழு தட்டு, மற்றது எட்டு என்று கண்டுபிடித்தவள் அவள். அப்படியானால் இரண்டும் ஐம்பத்தாறாவது தட்டில்தான் ஒன்றுசேர வேண்டும் என்று கணக்குப் போட்டாள். ஆனால் அவை அதற்கு முன்பே சேர்ந்துகொண்டன, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள், அது எப்படி நடக்கிறது? அந்தக் கேள்வியோடு அவள் பல வருடம் வாழ்ந்தாள். பதுளை பஸ்ஸின் ஆட்டத்தில்கூட அவள் விரல்கள் மடியில் தட்டிக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பம் நிரப்ப உதவிய டவுன் டீச்சர், இதைப் பொழுதுபோக்கு என்ற இடத்தில் போடச் சொன்னார்.

“நான் பொழுது போக்கலைங்க டீச்சர். படிச்சேன்,” என்றாள் அக்கா. பாடத்துக்கு வெளியே செய்த ஆய்வு என்றே எழுதினாள்.

அப்பாவின் கவலை வேறு. தோட்டத்தில் தப்பு அடித்துவந்தவர் அவர்தான். அக்கா டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய வருடமே தப்பைப் பரணில் ஏற்றிவிட்டார். சாவு வீட்டில் அடிப்பவன் மகள் என்று அங்கே யாரும் அவளைச் சொல்லிவிடக் கூடாது.

“மிருதங்கம்னு எழுதிரும்மா. கௌரவமா இருக்கும்.”

“எனக்கு மிருதங்கம் தெரியாதேப்பா.”

அதன் பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்று, பாதை வழுக்கும் என்று சொல்லிக்கொண்டு எங்களோடு மேலே ஏறி வந்தார்.

போனில் தெரிந்த பேராசிரியை கடைசியாக ஒன்று கேட்டார். கணக்கு பொய்யாகும் அந்த இடத்தைக் காட்ட முடியுமா? அதற்கு இரண்டு பேர் வேண்டும். அக்கா திரும்பிப் பார்த்தாள். அப்பா போர்த்தியிருந்த கம்பளிக்குள்ளிருந்து தப்பை எடுத்தார். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. பனியில் தோல் தொய்ந்துவிடும் என்று அடுப்பில் காய்ச்சியே கொண்டுவந்திருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு இருந்தது.

அக்கா கையால் ஏழு தட்டினாள். அப்பா எட்டு அடித்தார். இரண்டும் விலகி, விலகி, பனிக்குள் எங்கோ தொலைந்து, பிறகு சட்டென்று ஒன்றாயின.

“எப்புடிப்பா?” என்றாள் அக்கா, போனை மறந்து.

“ஒன் மொகத்தப் பாத்தேன். நீ மொத அடிக்கு எறங்கப் போறேன்னு தெரிஞ்சிச்சு. நானும் எறங்கிட்டேன்.”

அவள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் பேராசிரியை அதைக் குறித்துக்கொண்டார்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. போய் இரண்டு வருடமாகிறது. போன வாரம் அப்பாவோடு பதுளைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். மகள் என்ன படிக்கிறாள் என்று கடைக்கார முதலாளி கேட்டார்.

“கணக்குங்க,” என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, “தப்புக் கணக்கு,” என்றார்.

முதலாளி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு, கடையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, மேசை மேல் எட்டுத் தட்டிக் காட்டத் தொடங்கினார்.